நாடாத்தறியும் நடவுக் கயிறும்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கிராஃப்ட் பீரியடு எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். கணக்கும் இங்கிலீஷும் காலையில். கைவேலை, டிராயிங், பாட்டு எல்லாம் கண் சொக்கும் நேரத்துக்கு. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே, சுவாமிமலைப் பையன்கள் சைக்கிளில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தது பள்ளி. முன்பக்கம் மெத்தைக் கட்டடம். மைதானத்தைத் தாண்டிப் பின்னால் போனால் ஓடு போட்ட நீளக் கொட்டகை. அதில் ஒரு கோடியில் தறிகள், மறு கோடியில் தச்சுப் பட்டறை, நடுவில் கீற்றுத் தட்டி. 1962-ல் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த கையோடு ஆளுக்கொரு தக்ளி வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சாண் இரும்புக் கம்பி, அதன் கீழே பித்தளை வட்டு, மேல் முனையில் சின்னக் கொக்கி. தக்ளி அவ்வளவுதான். பஞ்சுப் பட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களால் கம்பியைச் சுண்டிவிட வேண்டும். அது சுழலச் சுழல, பட்டை பிடித்த கையை மேலே தூக்கினால் பஞ்சு நூலாக இறங்கும். கை அவசரப்பட்டால் நூல் அறும். தயங்கினால் முறுக்கேறித் திரித்திரியாக நிற்கும். நெசவு சார் காந்திகிராமத்தில் பயிற்சி பெற்றவர், கதர் ஜிப்பாக்காரர். ஒரு சுற்று 4 அடி, 640 சுற்று சேர்ந்தால் ஒரு சிட்டம் என்று அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜனவரி 30 அன்று பள்ளி முழுக்க மைதானத்தில் உட்கார்ந்து நூற்கும். எழுத்தையும் எண்ணையும் ஒரு தொழில் வழியாகவே கற்க வேண்டும் என்று 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, எங்கள் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் வாரத்துக்கு இரண்டு பீரியடாகச் சுருங்கிப்போயிருந்தது.

ஏழாம் வகுப்பில் நாடாத்தறி. பாவு இழைகளுக்கு நடுவே ஓடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளி, அரை அங்குல அகலத்தில் வெள்ளை நாடா நெய்வோம். ஓரத்தில் நீலக் கரை ஓடும். நெய்த நாடாவெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு நாள் பள்ளி அலுவலகத்தில் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது. ரிஜிஸ்டர் மூட்டை, பழைய விடைத்தாள் கட்டு, சம்பளப் பட்டியல், எல்லாவற்றையும் கட்டியிருந்தது நாங்கள் நெய்த நாடாதான். கிராஃப்ட் வகுப்புக்கு அதைவிட நம்பிக்கையான வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. அய்யம்பேட்டையிலிருந்து வந்த நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு மட்டும் அந்தத் தறியைக் கண்டாலே சிரிப்பு. அவன் வீட்டில் குழித்தறி. காலால் மிதிக்கிற தறி. “இது பொம்மைத் தறிடா” என்பான். ஆனால் அவன்தான் நெசவு சாரைக் கேட்டுத் தச்சுப் பக்கம் முதலில் மாறிப்போனவன்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புச் சட்டைக்காரர். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், தஞ்சை ஜில்லா முழுக்கக் கூட்டம் நடந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகி காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் போயிற்று. என் அண்ணன் அந்த அரைநாள் பள்ளியில் படித்தவன். அவனுக்கு அது மாடு மேய்த்த ஆண்டாகத்தான் நினைவிருக்கிறது. அதனால் நான் தக்ளியோடு வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குச் சந்தேகம் தட்டியது. “என்னடா, திரும்பவும் ஆரம்பிச்சுட்டாங்களா?” என்றார். எல்லா வீட்டுப் பையன்களும் நூற்கிறார்கள், மிராசுதார் மகனும் நூற்கிறான் என்று சொன்ன பிறகுதான் அமைதியானார். “அவன் நூத்தா நீயும் நூலு, தப்பில்லே.”

மாமா சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது எனக்குப் பட்டறையில் விளங்கியது. தச்சு சொல்லிக்கொடுத்தவர் பட்டம் பெற்றவர் இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமத்து ஆசாரிதான். மற்ற வாத்தியார்களோடு ஸ்டாஃப் ரூமில் உட்கார மாட்டார், பட்டறைத் திண்ணையிலேயே சாப்பிடுவார். பூவரசம் பலகையை இழைப்புளியால் இழைத்ததும் கண்ணால் பார்க்க மாட்டார். கட்டை விரலை ஓட்டி, “இங்க இன்னும் ஒரு தள்ளு” என்பார். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுவதில் எனக்குக் கை வந்த நாளில் துளையும் நாக்கும் ஆணியில்லாமல் இறுகிப் பிடித்தன. அந்தச் சத்தத்தை மறக்க முடியாது. பீரியடு முடிந்தால் மரச்சுருளைக் கூட்டி அள்ளுவது முறை வைத்து நடக்கும். மிராசுதார் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் முறை வந்தபோது துடைப்பத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆசாரி சார் ஒன்றும் பேசாமல், அவன் செய்துகொண்டிருந்த மணையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவனாகக் கூட்டினான், மணை கீழே இறங்கியது. ஊரில் வேறெங்கே அது நடந்திருக்கும்?

பெண் பிள்ளைகளுக்குக் கொட்டகைப் பக்கமே வேலையில்லை. அவர்களுக்குத் தையல், காஜா, சங்கிலித் தையல், பிறகு வயர் கூடை. தையல் மிஷின் ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பாட்டு டீச்சர் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தார். தியாகராஜர் சமாதியுள்ள திருவையாறு பக்கத்திலேயே இருந்தும், தொண்டை உடைகிற வயது என்று பையன்களைப் பாட்டு வகுப்பில் சேர்க்கவில்லை. உளி பிடிக்க ஆசைப்பட்ட என் தங்கை வீட்டில் என் மணையை இழைத்துப் பார்த்ததோடு சரி.

டிராயிங் மாஸ்டர் வேறு ரகம். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சவுத்ரி தலைவராக இருந்த காலத்தில் படித்தவர். மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். “எங்க பிரின்சிபால் செஞ்சது” என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். ஆனால் எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது லோயர் கிரேடு, ஹையர் கிரேடு அரசுத் தேர்வுகளுக்கான ஃப்ரீஹேண்ட். நடுக்கோடு போடு, இடது பாதியை வரை, வலது பாதியை அதற்குச் சமமாக வரை. ஸ்டூலின் மேல் ஒரு பித்தளைக் கூஜாவை வைத்துவிட்டு, பென்சிலை நீட்டிய கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் அளவெடுக்கச் சொல்வார்.

சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதி வீட்டுப் பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவன் கையை நீட்டவில்லை. தட்டியிலிருந்து ஓர் ஓலையை உருவி, கூஜாவின் உயரத்துக்கு நறுக்கினான். பாதியாக மடித்தான், அதையும் பாதியாக மடித்தான், மடிப்புகளில் நகத்தால் கீறினான். கழுத்து இத்தனை மடிப்பு, வயிறு இத்தனை மடிப்பு என்று தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனான். மாஸ்டர் பின்னால் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

“என்னடா பண்றே?”

“அளவு எடுக்கிறேன் சார்.”

“யார் சொல்லிக்குடுத்தது?”

“அப்பா சார்.”

மாஸ்டர் அந்த ஓலையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை எங்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு சுவாமிமலைக்குப் போனார். செய்யப்போகிற சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னோலை நறுக்கு; தலை முதல் பாதம் வரை 124 பங்கு; முகம் இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று எல்லா அளவும் அந்த ஓலையிலேயே இருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்த மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, காயவைத்து, மேலும் மேலும் மண் அப்புகிறார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்தக் காலியிடத்தில் உலோகத்தை வார்க்க வேண்டியதுதான். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் அதே அச்சில் இன்னொரு சிலை கிடையாது. இந்த மண்ணுக்காகத்தான் முன்னோர் இங்கே தங்கினார்கள் என்றார் பையனின் அப்பா. மண் மிக நைசாக இருப்பதால் மெழுகில் போட்ட நகக் கோடுகூட உலோகத்தில் விழும். மாஸ்டர் வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து மதியம் வரை எழுந்திருக்கவே இல்லை. திரும்பும்போது சொன்னார்: “நம்ம சிலபஸ்ல இது இல்லடா.”

இல்லைதான். பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்த்தார்கள், திருபுவனத்தில் பட்டு நெய்தார்கள். ரயிலேறினால் தஞ்சாவூரில் பலா மரத்தில் வீணை குடைந்தார்கள், நெட்டியைச் சீவிக் கோபுரம் செய்தார்கள். நாங்களோ விடைத்தாள் கட்ட நாடா நெய்துகொண்டிருந்தோம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் அமெரிக்காவும் கொஞ்சம் இருந்தது என்பதை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவில் அட்லாண்டாவிலிருந்து கென்னத் ராஸ்ட் வில்லியம்ஸ் என்பவரும் உறுப்பினர். ஏட்டுப் படிப்பும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பல்நோக்குப் பள்ளிகளை அந்தக் குழு கேட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 1917-லேயே ஸ்மித் – ஹியூஸ் சட்டம் போட்டு விவசாயம், கைத்தொழில், வீட்டுப் பொருளாதாரம் மூன்றுக்கும் மத்திய அரசு பணம் கொடுத்தது. அங்கேயும் பட்டறை பையன்களுக்கு, சமையலும் தையலும் பெண்களுக்கு. என் தங்கை அங்கே பிறந்திருந்தாலும் காஜாதான் எடுத்திருப்பாள்.

ஒன்பதாவதில் எனக்கு விவசாயப் பிரிவு. எங்கள் பள்ளியில் இருந்த தொழில் பிரிவு அது ஒன்றுதான். மாமாவுக்கு மறுபடி கோபம். “மம்பட்டி வீட்டுலயே கெடக்கு, அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?” பள்ளிக்கு இரண்டு மா நிலம் இருந்தது. விவசாய மாஸ்டர் கோயம்புத்தூர் கல்லூரிப் பட்டதாரி, நல்லவர், வேறு மாவட்டத்துக்காரர். ஆடுதுறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஏடிடீ 27 விதை, 105 நாள் குறுவை. ஜப்பானிய நோரின் 10-ஐயும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து எடுத்தது என்று போர்டில் படம் போட்டுக் காட்டினார். ஃபோர்டு நிறுவன உதவியோடு வந்த பாக்கேஜ் திட்டத்தின் ஜீப்புகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். முடிச்சுப் போட்ட கயிற்றைச் சேற்றின் மேல் இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குத்து நட வேண்டும். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். “வாத்தியாரய்யா, கயித்தப் பாத்துத்தான் பயிரு வௌயுமா?” எங்களில் பண்ணையாள் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். நடவுக் காலத்தில் பாதி நாள் பள்ளிக்கு வராதவன். அவன் கை நாற்று முடியைப் பிரித்து நடுகிற வேகம் எங்கள் யாருக்கும் வராது. கயிறு அவனுக்குத் தடை. ஆனால் வரிசைக்கு நடுவே களைக்கருவி ஓட்டலாம் என்று மாஸ்டர் செய்து காட்டியபோது அவன்தான் முதலில் தலையாட்டினான். அந்த வருஷம் விளைச்சல் ஊரே வந்து பார்க்கும்படி இருந்தது. அறுப்பில் மழை பிடித்துக்கொண்டு கதிரிலேயே முளைவிட்டதையும் ஊரே வந்து பார்த்தது. அந்த ரகத்துக்கு விதையுறக்கம் கிடையாது என்பதை மாஸ்டர் மறுநாள் தனியாக ஒரு பாடமாகவே எடுத்தார். எங்கள் வீடுகளில் தெரியாத பாடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1978-ல் பழைய பதினோரு வருஷப் படிப்பு போய்ப் பிளஸ் டூ வந்தது. அதில் தொழிற்பிரிவு என்று தனியாக ஒன்றும் வந்தது. கொட்டகை எப்போது இடிந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். அண்ணன் பேத்தி ஒருத்தி அதில் டிராயிங் டீச்சர். போன தடவை வந்தபோது சுவாமிமலை ஓலைக் கணக்கை அவளுக்கு விவரமாகச் சொன்னேன், நோட்டில் எழுதிக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் செய்து காட்டினாயா என்று பிறகு போனில் கேட்டேன்.

“ஓலையெல்லாம் நறுக்கி எடுத்துட்டுத்தான் போனேன் தாத்தா. ரிவிஷன் டெஸ்ட்டுன்னு என் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கிட்டாங்க.”