திரைக்கு முன்னால் ஒரு தீர்ப்பு மன்றம்



தொலைக்காட்சி பார்ப்பது கூடுமா, கூடாதா என்று வாதாடுவதற்காக நான் இக்கட்டுரையை எழுத முன்வரவில்லை. அது குறித்து ஆலிம் பெருமக்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள், மேடைதோறும் பேசியுமிருக்கிறார்கள். அந்தப் பெட்டி நம் கூடத்துக்குள் நுழைந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இப்போது அது சுருங்கி உள்ளங்கைக்குள்ளும் அடங்கிவிட்டது. நான் கேட்க விரும்புவது வேறொன்று. பார்த்து முடித்த பிறகும் நம் உள்ளத்தில் தங்கிவிடுகிறதே ஒரு கோபம், அது யார்மீது? ஒருமுறையேனும் நேரில் கண்டிராத, நமக்கு எந்தத் தீங்கும் செய்திராத ஒருவர்மீது நமக்கு ஏன் அத்தனை வெறுப்பு? அவரைப் பிடிக்கும் என்று சொல்லுகிற உடன்பிறப்பின்மீதும் அவ்வெறுப்பு ஏன் பாய்கிறது?

பழைய நோய்

இது தொலைக்காட்சியோடு பிறந்த நோயன்று. இஸ்தான்புல் நகருக்குச் செல்லும் நம்மவர்கள் சுல்தான் அஹ்மது பள்ளிவாசலைக் காணாமல் திரும்புவதில்லை. நீலப் பள்ளிவாசல் என்று உலகம் அழைக்கும் அப்பள்ளியின் அருகே நீண்டதொரு திடல் இருக்கிறது. எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட கல்தூண் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்நகர் கான்ஸ்டான்டிநோபிள் எனப் பெயர் பெற்றிருந்த காலத்தில் அதுவே தேர்ப்பந்தயத் திடலாக விளங்கியது. நீல அணிக்கு ஒரு கூட்டம், பச்சை அணிக்கு ஒரு கூட்டம் என்று நகர மக்கள் பிரிந்து கிடந்தார்கள்.

அந்தப் பகை பந்தயத்தோடு நிற்கவில்லை. கலவரம், கொலை என்று வளர்ந்தது. கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட தங்கள் ஆட்களை விடுவிக்கக் கோரி, கி.பி. 532ஆம் ஆண்டில் இரு கூட்டத்தாரும் சேர்ந்து ஜஸ்டினியன் மன்னருக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தார்கள். நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. இறுதியில் மன்னரின் படை அத்திடலுக்குள்ளேயே ஏறத்தாழ 30,000 பேரை வெட்டிச் சாய்த்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் எழுதி வைத்திருக்கிறார். தேரோட்டியவர்களில் எவரும் அம்மக்களுக்கு உறவினர் அல்லர். ஒரு நிறத்தின்மீது கொண்ட பற்று, இன்னொரு நிறத்தின்மீது கொண்ட வெறுப்பு, இவற்றிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று.

வேடத்துக்கு விழுந்த அடி

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை 'பிரேக்கிங் பேட்' என்றொரு தொடர் ஒளிபரப்பாயிற்று. வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் காய்ச்சும் கொடியவராக மாறுவதே கதை. கணவனின் குற்றத்தைக் கண்டு அஞ்சி எதிர்த்து நிற்கும் மனைவியாக அன்னா கன் என்ற நடிகை நடித்தார். நேயர்களின் வெறுப்பு யார்மீது விழுந்திருக்க வேண்டும்? நஞ்சு காய்ச்சி விற்றவன்மீதல்லவா? ஆனால் பெருங்கூட்டம் ஒன்று அந்த மனைவியைத்தான் வெறுத்தது. அவரைத் தூற்றுவதற்கென்றே முகநூலில் பக்கங்கள் திறக்கப்பட்டன. நாளடைவில் வேடம் மறைந்து நடித்தவரே இலக்கானார். அவரைக் கொல்ல வேண்டும், எங்கே இருப்பார் என்று ஒருவர் கேட்டு எழுதுமளவுக்கு அது முற்றியது. 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் அவரே இதையெல்லாம் எடுத்துரைத்துக் கட்டுரை எழுத நேர்ந்தது. கதாநாயகனின் பக்கம் சாய்ந்துவிட்ட மனம், அவனைத் தடுப்பவரையெல்லாம் பகைவராகக் காண்கிறது. நன்மை எது, தீமை எது என்று பகுத்தறியும் தராசையே அது கவிழ்த்துவிடுகிறது.

ஜப்பானில் நடந்தது இன்னும் கொடியது. 'டெரஸ் ஹவுஸ்' என்ற நிகழ்ச்சியில் இளைஞர்கள் சிலர் ஒரே வீட்டில் தங்குவார்கள்; அவர்களுடைய அன்றாட வாழ்க்கை படமாக்கப்படும். மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுராவும் அவர்களுள் ஒருவர். அவருடைய விலையுயர்ந்த மல்யுத்த உடை, உடன் தங்கியிருந்தவரின் கவனக்குறைவால் சலவையில் சுருங்கிப் பாழாயிற்று. அவர் ஆத்திரப்பட்டு அந்த இளைஞரின் தொப்பியைத் தட்டிவிட்டார். அந்தக் காட்சி வெளியான 2020ஆம் ஆண்டில் வசைமாரி பொழியத் தொடங்கியது. நாள்தோறும், முகம் காட்டாத மனிதர்களிடமிருந்து. மே 23 அன்று, தம் 22ஆம் வயதில், அந்தப் பெண் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. தூற்றியவர்களில் இருவருக்கு மட்டும் தலா 9,000 யென் அபராதம் விதிக்கப்பட்டது. மகளை இழந்த தாய் ஓயாது போராடினார். 2022 ஜூனில் ஜப்பான் நாடாளுமன்றம் பிறரை இழிவுபடுத்தும் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை வரை உயர்த்திச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது, மகள் வரவில்லை.

நம்மவர்களும் விலக்கல்லர்

"இவையெல்லாம் பிறர் கதை, நமக்கென்ன?" என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். உதுமானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துருலைக் கதாநாயகராக்கி, துருக்கியில் 2014 முதல் 2019 வரை ஒரு தொடர் ஒளிபரப்பாயிற்று. நம் வரலாற்றைப் பேசும் தொடர் என்று உலக முஸ்லிம்கள் பலர் அதை மகிழ்ந்து வரவேற்றார்கள். 2020 ரமலானில் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சி அதை உர்தூ மொழியில் ஒளிபரப்பியபோது கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை என்றிருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அத்தொடரில் எர்துருலின் மனைவி ஹலீமாவாக நடித்தவர் எஸ்ரா பில்கிச். நேயர்கள் அவருடைய சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தேடிச் சென்றார்கள். அங்கே அவர் இக்கால உடையில் இருந்தார். உடனே கண்டனங்கள், ஏளனங்கள், வசைகள்! ஹலீமாவாக நடித்தவர் இப்படி உடுத்தலாமா என்று ஆயிரக்கணக்கானோர் அவரை விசாரிக்கலானார்கள். அவர் ஹலீமா அல்லர். அவ்வேடத்துக்கு ஊதியம் பெற்று நடித்த நடிகை. இந்த எளிய உண்மை அத்தனை பேருக்கும் எப்படி மறந்துபோயிற்று?

"தீமையைக் கண்டால் தடுப்பது நம் கடமையல்லவா?" என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் தடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகிய இரு நபிமார்களையும் ஃபிர்அவ்னிடம் அனுப்பியபோதும், மென்மையாகப் பேசும்படியே இறைவன் பணித்ததாகத் திருமறையின் 'தாஹா' அத்தியாயம் கூறுகிறது. ஃபிர்அவ்னுக்கே மென்மை என்றால், ஒரு நடிகைக்கு ஏன் வசை? நபிமார்களைவிட நாம் தகுதியில் உயர்ந்தவர்களா? அறிவுரை கூறுபவர் கேட்பவரின் நலத்தை நாடுவார். ஆயிரம் பேர் கூடி நின்று ஒருவரை அவமதிப்பதில் யாருடைய நலம் நாடப்படுகிறது?

அறிவிப்பாளர் யார்?

நம் மார்க்கம் நமக்குத் தந்திருக்கும் ஓர் அரிய அறிவை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு செய்தி நம்மிடம் வந்தால், அது யார் வழியாக வந்தது என்று முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் அவர்களைப் போன்ற பேரறிஞர்களும், அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி பழுதுபட்டிருந்தாலும் அச்செய்தியை ஏற்கத் தயங்கினார்கள். அந்தச் சமுதாயத்தில் பிறந்த நாம், ஒரு தொலைக்காட்சிக் காட்சியின் அறிவிப்பாளர் யார் என்று என்றேனும் கேட்டதுண்டா?

தமிழில் 2017 ஜூனில் தொடங்கிய 'பிக் பாஸ்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் நூறு நாள் சிலரை அடைத்து வைத்து, பல காமிராக்களால் இரவும் பகலும் படம் பிடித்தார்கள். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நமக்குக் காட்டப்பட்டது. மிச்சத்தை வெட்டியவர் யார்? எந்தச் சொல்லுக்குப் பின் எந்த முகத்தை ஒட்டினார்? அழுகைக்கு எந்த இசையைச் சேர்த்தார்? அவருக்கு வேண்டியது நீதியா, நேயர் எண்ணிக்கையா? சண்டை இருந்தால்தான் மறுநாளும் நாம் வருவோம் என்பதை அவர் நன்கறிவார். நம் கோபமே அவருடைய மூலதனம். இத்தகைய அறிவிப்பாளர் ஒருவரை நம்பி, "நான் கண்ணால் கண்டேன்" என்று ஒரு மனிதரின் ஒழுக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்லலாமா?

அந்த முதல் ஆண்டில் 'ஆர்மி' என்ற பெயரில் ரசிகர் படைகள் திரண்டன. பெயரைக் கவனியுங்கள்: படை! அதற்குச் சில மாதங்கள் முன்னர் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஊரே பாராட்டிய ஓர் இளம்பெண், அந்நிகழ்ச்சிக்குள் சென்று வந்த பிறகு நெடுநாள் ஏளனத்துக்கு ஆளானார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பியபோது, கேட்டதையெல்லாம் வாய்க்கு வாய் பரப்பியவர்களை அந்நூர் அத்தியாயம் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தது என்பதை நாம் அறிவோம். அல்ஹுஜுராத் அத்தியாயமோ கேலி, பட்டப்பெயர், தீய சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் என்று அடுக்கடுக்காகத் தடுக்கிறது. ஒரு நாளிரவில் ரசிகர் படை செய்கிற வேலைகளை எழுதி, அந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதுவும் விடுபட்டிருக்காது.

வீட்டுக்குள் விழுந்த விரிசல்

எங்கள் உறவில் அக்காள் தங்கை இருவர் அந்த ஆண்டு இப்படித்தான் பகைத்துக்கொண்டார்கள். குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் இருவரும் ஆளுக்கொரு போட்டியாளருக்காக வாதாடினார்கள். "அந்தப் பொய்க்காரிக்கு வக்காலத்து வாங்குறவ என்கிட்டப் பேச வேணாம்" என்று மூத்தவள் எழுதினாள். இளையவள் குழுவை விட்டே விலகினாள். நிகழ்ச்சி முடிந்தது; வெற்றி பெற்றவர் பரிசை வாங்கிக்கொண்டு தம் வீட்டுக்குப் போனார். இவர்களுடைய பேச்சு மட்டும் திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வலீமா விருந்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சோறுண்டார்கள். அவர்களுடைய உம்மா அதிகம் பேசாதவர். சஹனைக் கையால் நகர்த்தி வைத்துவிட்டு, "நான் பெத்த ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து உக்காந்திருக்காளே, அவ யாரு? நம்ம வீட்டுக்கு ஒரு நாளாச்சும் வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காளா?" என்று கேட்டார். பந்தியே அமைதியாயிற்று. இளையவள்தான் முதலில், "ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். மூத்தவளுக்குப் பதில் சொல்ல நாவெழச் சற்று நேரமாயிற்று.

ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். சொத்துத் தகராறுக்கும் அதே கெடுதான்; மனம் நொந்த சண்டைக்கும் அதே கெடுதான். ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காக மூன்று மாதமா?

மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் ஒன்றாய் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தபோது, புஆஸ் போரைப் பற்றிய பழங்கவிதைகளை ஓதவைத்து ஒருவர் மூட்டிவிட்டதும், அவர்கள் மீண்டும் ஆயுதம் தேடி எழுந்த செய்தி நபிவரலாற்றில் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் விரைந்து வந்து தடுத்ததும் அவர்கள் அழுது ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். அந்த நல்லோரையே சில கவிதைகள் ஒரு கணம் கலைத்துவிட்டன என்றால், இரவுதோறும் மூட்டப்படும் நாம் எம்மாத்திரம்? நம்மவர் என்பதற்காகத் தவறிலும் துணை நிற்பதே 'அஸபிய்யா' என்று நாம் ஓதியிருக்கிறோம். குலத்தின் பெயரால் அது கூடாதென்றால், தொடரின் பெயரால் எப்படிக் கூடும்?

நாம் செய்யக்கூடியவை

கதை பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. ஒரு செயல் தவறு என்று சொல்வதிலும் குற்றமில்லை. செயலைப் பேசுவதோடு நின்றுகொள்வோம். ஆளின் பிறப்பு, தோற்றம், ஒழுக்கம் ஆகியவற்றைத் தொடாதிருப்போம். நேரில் நின்று சொல்லக் கூசும் ஒரு சொல்லை விரலாலும் எழுதாதிருப்போம். ஏளனப் படங்கள் நம் கைக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் நம்மோடு முடித்துவைப்போம். பிள்ளைகளுடன் அமர்ந்திருக்கும்போது, "இவர் நடிக்கிறார், நமக்குக் காட்டாமல் வெட்டப்பட்டதும் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்போம். எவரைப் பற்றியேனும் தீர்ப்பு வழங்க நா துடிக்கும்போது, "அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்று நிறுத்திக்கொள்வது நம் முன்னோர் வழக்கம்.

தொடர்கள் வரும், முடியும். இன்றைய போட்டியாளரின் பெயர் அடுத்த ஆண்டு நமக்கே நினைவிலிராது. ஆனால் நாம் எழுதியதும் பேசியதும் நம் ஏட்டில் இருக்கும். அவற்றால் புண்பட்ட ஓர் உள்ளமும் எங்கோ இருக்கும். அந்த உள்ளத்துக்கு உரியவரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க நமக்கு முகவரிகூடத் தெரியாது. ஆகவே முன்னதாகவே நாவையும் விரலையும் பேணிக்கொள்ள வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.