கேசட்டிலிருந்து டிஸ்க்குக்கு: ஏம்பலத்து ஸ்டுடியோவில் ஒரு நாள்

புதுச்சேரியில், வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போனால் ஏம்பலம். கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், லேமினேஷன், பிறந்தநாள் பேனர் என்று வாசல் நிறைய விளம்பரம். எல்லாவற்றுக்கும் கீழே, வெயிலில் வெளுத்துப்போன ஒரு வரி: ‘பழைய கேசட் டிவிடியாக மாற்றித் தரப்படும்’. அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

கடையை நடத்துபவர் தொண்ணூறுகளில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்தவர். மனைவி கணக்கும் லேபிளும் பார்த்துக்கொள்கிறார். கம்ப்யூட்டர் வேலைக்குப் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர். பின்னறையில் இரண்டு விசிஆர் டெக்குகள். ஒன்று ஓடுகிறது; மற்றொன்று மூடி கழன்று கிடக்கிறது. ஓடுகிற டெக்குக்கு ஏதாவது ஒரு பாகம் போய்விட்டால் அதிலிருந்து கழற்றி மாட்டவேண்டியதுதான். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்திய பிறகு புது டெக் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் இருந்தபோது ஒரு ஆயா துணிப்பையோடு வந்தார். மகள் கல்யாணக் கேசட். “பெரியவரு அதுலதான் இருக்காரு தம்பி. போன்ல போட்டுக் குடுத்தா எனக்குப் பாக்கத் தெரியாது. டிவில வரணும், ரிமோட்ட அமுக்குனா ஓடணும்” என்றார். பென் டிரைவ், யூடியூப் எல்லாம் வந்த பிறகும் டிவிடி பிளேயருக்காக ஒருவர் டிஸ்க் எழுதிக்கொண்டிருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் தண்ணீரில் நின்றன. அதற்குப் பிறகு வருகிற கேசட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்கிறார் கடைக்காரர். பூஞ்சணத்தோடு டெக்கில் போட்டால் ஹெட் கெடும்; அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

அவர் கேசட்டைக் கவிழ்த்து ஐந்து திருகாணிகளையும் கழற்றினார். இரண்டு சுருளையும் தூக்கி, மெல்லிய துணியால் ஓரத்தை ஒரே திசையில் துடைத்தார். பூஞ்சணத் தூள் மூக்கில் ஏறாமலிருக்க முகக்கவசம். நாடாவின் பளபளப்பான பக்கத்தில் விரல் படவே இல்லை. பிறகு கையாலேயே சுருளை முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஒட்டிக்கொண்ட இடம் ஏதும் இல்லை என்று தெரிந்த பின்தான் டெக்கில் போட்டார். ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் முன்னும் ஒருமுறை, பின்னும் ஒருமுறை சுத்தம் செய்கிறார்.

இதில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். நடுவில் படம் கோடுகோடாக உடைந்தால் ட்ராக்கிங்கைத் திருப்பிச் சரிசெய்ய ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்ணழைப்பிலிருந்து பந்தி வரை ஊர்க் கல்யாணங்களை இந்தத் தம்பி இப்படித்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் ‘சொல்தா’ குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து வந்த கேசட்டுகள். நம் டிவியின் வண்ண முறை பால் (PAL). பிரான்சில் அப்போது செகாம் (SECAM). அந்தக் கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் வரும், நிறம் வராது. பல முறைகளுக்கும் பொருந்தும் என்று விற்ற மல்டி சிஸ்டம் டெக்குகளிலும் பல, பிரெஞ்சு செகாமைச் சரியாகப் படிப்பதில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கலாம்தான். கடைக்காரர் அப்படிச் செய்வதில்லை. “பிரான்சுல இருக்குற புள்ளைங்ககிட்ட அனுப்பி அங்கயே மாத்தச் சொல்லுங்கம்மா, கலரு கெடைக்கும்” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இப்போது கேசட்டைவிடப் பழைய போன் கிளிப்புகள்தான் அதிகம் வருகின்றன. பட்டன் போனில் எடுத்த 3ஜிபி (3GP) வகைக் கோப்புகள்: நொடிக்குப் பதினைந்து படம், தபால்தலை அளவுக் காட்சி, 8 கிலோஹெர்ட்ஸ் ஒலி. அப்படியே டிஸ்க்கில் ஏற்றினால் பழைய பிளேயர் திறக்காது. டிவிடி வீடியோ என்றால் எம்பெக்-2, நொடிக்கு 25 படம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று கட்டுப்பாடு உண்டு. பலர் சின்னக் கிளிப்பையும் 720க்கு 576 என்று இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். தம்பி அதை 352க்கு 288 அளவிலேயே வைக்கிறார். அதுவும் டிவிடிக்கு ஏற்ற அளவுதான். டிவிக்குத் தேவையான அளவுக்குப் பிளேயரே விரித்துக்கொள்ளும். பிக்சர் டியூப் டிவி ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால் பெயரெழுத்தை உள்தள்ளிப் போடுகிறார்.

4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம்தான் வைக்கிறார்கள். மூன்று மணி நேரத்தையும் திணித்தால் ஆட்கள் நகரும்போதெல்லாம் படம் கட்டம்கட்டமாக உடையும். அதனால் ஆயாவின் கேசட்டுக்கு இரண்டு டிஸ்க். பதினாறு மடங்கு வேகத்தில் ஆறு நிமிடத்துக்குள் எழுதி முடிக்கக்கூடிய டிஸ்க்கை நான்கு மடங்கில், பதினான்கு நிமிடம் எடுத்து எழுதுகிறார்கள். ரீரைட்டபிள் டிஸ்க்கைத் தொடுவதில்லை. அது ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பழைய பிளேயர்கள் திணறும்.

எழுதி முடித்த டிஸ்க் நேரே உறைக்குள் போவதில்லை. அலமாரியில் வெவ்வேறு கம்பெனிப் பழைய பிளேயர்கள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் தொடக்கம், நடு, கடைசி என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். “கம்ப்யூட்டர்ல ஓடுறது பெரிசில்ல சார். ஆயா வூட்டுப் பிளேயர்ல ஓடணும்” என்றார் தம்பி.

2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோது டிஸ்க் ஊரெங்கும் மலிந்தது. அந்த நிறுவனத்தைக் கலைத்துவிட 2018இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நல்ல வெற்று டிஸ்க்குக்கே இன்று அலைகிறார்கள். ஒரு கேசட்டுக்கு அவர்கள் கேட்பது சில நூறு ரூபாய். துடைத்தது, மூன்று மணி நேரம் காவல் இருந்தது, எழுதியது, சோதித்தது எல்லாம் அதற்குள் அடக்கம். அதிலும் பேரம் பேசுகிறோம். ஒரு குடும்பத்தின் குரலையும் முகத்தையும் காப்பாற்றித் தருகிற உழைப்புக்கு இது குறைந்த கூலி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதிய டிஸ்க்கும் நிரந்தரமல்ல. அதில் படத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். ஆகவே டிஸ்க்கோடு கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். மூலக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பரணில் கேசட் இருந்தால் அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இறக்குங்கள். துடைக்கத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது, டெக்கும் ஓடுகிறது. இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் பிறகு காசு கொடுத்தும் கிடைக்காது.