மலாக்காவுக்கு வரும் இரவு வண்டி

ஊர் என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு பேய்க்கதையும் இருக்கும். புளியமரத்துப் பேய், கிணற்றடிப் பேய், பாலத்தடிப் பேய் என அவை பல வகை. ஆயினும், இல்லாத ஓர் இரயில் நிலையத்திற்கு இல்லாத ஒரு வண்டி இரவுதோறும் வந்து போகிறது என்னும் கதையை, மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த என் போன்றோர் மட்டுமே கேட்டிருப்பர் என எண்ணுகிறேன்.

சுங்கை ரம்பாய் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், என் பாட்டியார் வாயிலாகத்தான் அக்கதையை நான் முதலில் கேட்டேன். நள்ளிரவில் மலாக்கா நிலையத்தில் ஒரு வண்டி வந்து நிற்குமாம். அதிலிருந்து மெலிந்த மனிதர்கள் ஓசையின்றி இறங்குவார்களாம். தத்தம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்பார்களாம். பதில் சொல்வார் எவரும் இல்லாமையால், விடிவதற்குள் மீண்டும் வண்டியேறிப் போய்விடுவார்களாம். இதைச் சொல்லி முடித்ததும் பாட்டியார் எழுந்து, திண்ணையில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் திரியைச் சற்றே தூண்டிவிடுவார்.

மலாக்காவில் இரயில் நிலையம் இருந்ததா என இன்றைய மாணவர் வியக்கக்கூடும். இருந்தது. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மைல் தொலைவுக்குத் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1905-ஆம் ஆண்டு டிசம்பரில், தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை ஏறத்தாழ 21 மைல் நீளமுள்ள கிளைப் பாதை திறக்கப்பட்டது. துறைமுக நகரான மலாக்கா, அதனால் நாட்டின் பெரும் இருப்புப் பாதையோடு இணைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மக்களும் சரக்கும் அவ்வழியே போய் வந்தனர்.

1942-ஆம் ஆண்டு சனவரியில் ஜப்பானியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சயாமிலிருந்து பர்மாவுக்குக் காடும் மலையும் ஊடுருவி 415 கிலோமீட்டர் நீளப் பாதை அமைக்க அவர்கள் முனைந்தனர். அதற்குத் தண்டவாளம் வேண்டும், ஆள் வேண்டும். தண்டவாளத்துக்காகத் தம்பின்-மலாக்காப் பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதியும் அவ்வாறே பெயர்க்கப்பட்டது. போர் முடிந்தபின் கிழக்குக் கரைப் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. மலாக்கா நகருக்கோ புகைவண்டி திரும்பவே இல்லை. இன்றும் மலாக்காவுக்கு இரயிலில் வர விரும்புவோர் புலாவ் செபாங்கில் உள்ள தம்பின் நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாகத்தான் வரவேண்டும்.

ஆட்களுக்காகத் தோட்டங்கள் வெறுமையாக்கப்பட்டன. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என ஆசை காட்டியும், இலவசப் படக்காட்சி என அழைத்துக் கதவடைத்தும், வழியில் கண்டவரை லாரியில் ஏற்றியும் தமிழர்களைக் கொண்டுசென்றனர். பாதை 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் முழுமை பெற்றது. அதற்குள் வாந்திபேதியும் மலேரியாவும் சீதபேதியும் பசியும் உயிர்களை வாரிக்கொண்டன. போர்க் கைதிகளாயிருந்த நேசநாட்டு வீரர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் அவர்களைவிடப் பன்மடங்கு. சரியான கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 வீரர்களின் கல்லறைகள் ஒழுங்காக வரிசையிட்டு நிற்கின்றன. நம்மவருக்கு அத்தகைய கல்லறை வரிசை எதுவும் இல்லை.

அவ்வாறு போனவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். கடைத்தெருவுக்கு உப்பு வாங்கச் சென்றவர் திரும்பவில்லை. அப்போது என் தந்தையார் கைக்குழந்தை. இறந்தார் என்று சொல்ல ஓர் ஆளும் வரவில்லை. ஒரு தாளும் வரவில்லை. ஆதலால் பாட்டியார் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. திதி கொடுக்கவும் அவர் ஒப்பவில்லை. பள்ளியில் படித்த அறிவுச் செருக்கில் ஒருநாள் நான் அவரை மடக்கினேன்.

“தண்டவாளமே இல்லாத இடத்துக்கு வண்டி எப்படி வரும், பாட்டி?”

அவர் சினக்கவில்லை. என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

“வண்டி வராதுன்னா, உன் தாத்தா எதுல வருவாரு, ஐயா?”

அதற்கு அன்று என்னிடம் விடையில்லை. அதனை விரைவில் மறந்தும் போனேன்.

1980-களின் இறுதியில் ஆசிரியர் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் சென்றேன். தம்பினில் வண்டியேறிக் கோலாலம்பூர் நிலையத்தில் இறங்குவது வழக்கம். ஹப்பாக் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1910-இல் எழுந்த அந்நிலையம், குவிமாடங்களும் வளைவுகளுமாக ஓர் அரண்மனைபோல் நிற்கும். 2001-இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் அதன் ஆரவாரம் ஓய்ந்தது. ஆனால், ஆரவாரம் மிகுந்திருந்த அந்நாளிலேயே அதைப் பற்றிப் பேய்க்கதைகள் உலவின. ஆளில்லா நடைமேடையில் காலடி ஓசை கேட்கும் என்று விடுதித் தோழர்கள் சொல்வர். நானும் சேர்ந்து நகைப்பேன். பயிற்சி முடியுமுன்னரே பாட்டியார் காலமானார். அவரைச் சுமங்கலியாகவே அனுப்பி வைத்தோம்.

ஆசிரியப் பணியேற்ற புதிதில் ஒருநாள், ‘நான் கேட்ட கதை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மலாக்கா நிலையத்தின் இரவு வண்டியைப் பற்றி எழுதியிருந்தான். மெலிந்த மனிதர்கள், தோட்டத்தின் பெயர், வழி கேட்டல் யாவும் அப்படியே இருந்தன. நான் சிவப்பு மையால் அதன் குறுக்கே கோடிட்டு, ‘மூடநம்பிக்கை, வேறு எழுதுக’ என்று குறித்தேன். அவன் ஏட்டைப் பெற்றுக்கொண்டு போகவில்லை. மேசையருகிலேயே நின்றான்.

“அப்படியென்றால் என் பாட்டி பொய் சொன்னாரா, ஐயா?”

வகுப்பு அமைதியாயிற்று. அவனுக்குப் பின்னே என் பாட்டியாரும் நிற்பதுபோல் இருந்தது. அறிவை வளர்ப்பதாக எண்ணி, ஒரு கிழவியின் ஐம்பதாண்டுக் காத்திருப்பின்மீது கோடு கிழித்துவிட்டேன். என் வீட்டுக் கதையே அது என்று தெரிந்திருந்தும் அதைச் செய்தேன். அக்கோட்டின்மேல் வேறொரு வரி எழுதினேன்: ‘இறங்கியவர் யார் எனக் கேட்டு எழுதுக.’ மறுவாரம் அவன் கொண்டுவந்த கட்டுரையில் பேய் இல்லை. அவன் பாட்டனாரின் பெயரும், அவர் வெட்டிய நிரையும், அவர் போன நாளில் உடுத்தியிருந்த கட்டம்போட்ட கைலியும் இருந்தன.

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதுவது நம் மரபு. கல்லைத் தேர்தல் தொடங்கி வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. நாம் அதைத் தேர்வுக்காகக் கற்பிக்கிறோம். கல் நடப்படாதவர் என்ன ஆவர் என்று கேட்க மறந்துவிட்டோம். அவர்கள் கதைகளில் வந்து நிற்பர், வழி கேட்பர். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலிலும் அவர்களுக்கு எழுத்தில் இடம் தந்தனர். 2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில், பௌத்தக் கோயில் வளாகமொன்றில், அவர்கள் நினைவாக நடுகல்லும் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் காத்திருந்த கல் அது.

ஆசிரிய நண்பர்களே, பேயை நம்புங்கள் என்று நான் கூறவில்லை, நானும் நம்புவதில்லை. மாணவன் ஒரு பேய்க்கதையோடு வந்தால், சிவப்பு மையைத் தொடுமுன் அதில் வருபவரின் பெயரைக் கேளுங்கள். அப்பெயரை அறிந்த கடைசி மனிதர் அம்மாணவனின் வீட்டுத் திண்ணையில் இன்னும் அமர்ந்திருக்கலாம். அவரும் போய்விட்டால், வழி கேட்டு வருவோர்க்கு விடை சொல்ல நம் ஊரில் எவரும் இருக்கமாட்டார்.