தேங்காய் தாங்காத பை

தங்கச்சி கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை 400, நாமளே செஞ்சுடலாம்னு வீராப்பா சொன்னது நான்தான். 2019-ல பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டுல தடை வந்தப்புறம் காகிதப் பைக்கு ஒரு மவுசு பாருங்க! முதல் பையில தேங்காயைப் போட்டு அப்பா தூக்கினார். காது பிஞ்சு, தேங்காய் அவர் கால்லயே விழுந்தது. "துணிப்பை வாங்கிடலாமாடா?"ன்னு மட்டும் கேட்டார். சுருக்குன்னு இருந்தது.

பார்த்தா, அறுந்தது கயிறு இல்லை. ஓட்டையைச் சுத்திக் காகிதம்தான் கிழிஞ்சிருந்தது. மொத்தப் பாரமும் ஓட்டை விளிம்புல நின்னா அது என்ன பண்ணும், பாவம்? பை வாயை உள்பக்கமா மடிச்சு, மடிப்புக்குள்ள அட்டைப்பட்டை வெச்சு ஒட்டி, அப்புறம் ஓட்டை போட்டேன். தேவலை. ஆனா தேங்காயாச்சே, நம்பிக்கை வரலை.

அப்பதான் படிச்சேன். அமெரிக்காவுல செயின்ட் பால் நகரத்து மளிகைக்கடைக்காரர் வால்டர் டியூபனர், எப்பவோ இதுக்கு வழி பண்ணிட்டாராம். கயிறைப் பைக்கு அடியில கொடுத்து, ரெண்டு பக்கமும் மேலே கொண்டுவந்து, அதையே கைப்பிடி ஆக்கிட்டார். பாரம் கயித்துக்கு, காகிதம் சும்மா சுவர் மாதிரி. அட, இவ்ளோதானா!

அப்படியே செஞ்சு கொடுத்தேன். அப்பா இந்தத் தடவை ரெண்டு தேங்காயைப் போட்டு, தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வந்தார். ஒண்ணும் சொல்லலை. பக்கத்துல உக்காந்து பசை டப்பாவை இழுத்துக்கிட்டார்.

இன்னும் 399 இருக்கு மக்களே!