இருந்து வாசிக்கிற பேஸ்

பேஸ் கிற்றாரைத் தோளில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். 4 கிலோவுக்குக் கிட்ட வரும். ஒலிக்கும் தந்தியின் நீளம் 34 அங்குலம். தந்தி ஒவ்வொன்றும் 16 முதல் 20 கிலோ வரையான இழுவையில் நிற்கும். முதல் ஃப்ரெட்டின் அகலம் மட்டும் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர்; சாதாரண கிற்றாரில் அது மூன்றரையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நல்ல உடம்புள்ள இளைஞனுக்கே மூன்று மணித்தியாலம் வாசித்து இறங்கும்போது கழுத்தும் இடது மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளும். வன்னியில் இந்தக் கருவியைப் போரில் காலை இழந்தவர்களும், விரல்களின் பலத்தை இழந்தவர்களும் தொழிலாக வாசிக்கிறார்கள். அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகத் திருவிழாக் காலத்தில் இசைக்குழுக்களோடு சேர்ந்து திரிந்தேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

இங்கே இசைக்குழுக்களுக்கு உழைப்பு பருவத்தோடு வரும், பருவத்தோடு போகும். பங்குனி உத்திரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல், அவற்றை ஒட்டி ஊர்க் கோயில்களின் திருவிழாக்கள், இடையிடையே கலியாணம், பூப்புனித நீராட்டு விழா. ஐப்பசியில் மாரி இறங்கினால் மேடை இல்லை. மிச்ச மாதங்களுக்குக் கடையோ தோட்டமோ வைத்திருப்பார்கள்.

நான் முதலில் போனது பரந்தனுக்குக் கிட்ட இருக்கும் ஒருவர் வீட்டுக்கு. சின்ன வயதில் எஸ்.ஜி. சாந்தன் பாடிய மேடைகளில் ஸ்பீக்கர் பொக்ஸுக்குப் பக்கத்திலேயே போய் நின்று கேட்டதில்தான் தனக்குப் பேஸ் பிடித்தது என்றார். (சாந்தன் 2017 பெப்ரவரியில் சிறுநீரக நோயால் இறந்தபோது கிளிநொச்சியில் இசைக்குழுக்காரர் எல்லோரும் சொந்தத்தில் ஒருவரை இழந்தது போல இருந்தார்கள்.) 2009 இன் தொடக்கத்தில் செல் விழுந்து இந்தப் பரந்தன்காரரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். 1968 இல் இராஜஸ்தானில் உருவான அந்தக் கால் வெறுங்காலோடு நடப்பதையும் குந்தி இருப்பதையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. சப்பாத்து இல்லாமலே நடக்கலாம். கோயில் வீதியில் வேட்டியோடு வெறுங்காலில் மேடை ஏற வேண்டிய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை யோசிக்க முடியாது.

"வாசிக்கிற மூண்டு மணித்தியாலம் எனக்குச் சுகம் தம்பி," என்றார். "அதுக்கு முன்னம் இருக்கிற ஏழு மணித்தியாலம்தான் காலைத் தின்னுறது."

அவர் சொன்னது அடுத்த சனிக்கிழமை முழுதாக விளங்கியது. பகல் இரண்டு மணிக்கு வான் வந்தது. ஸ்பீக்கர் பொக்ஸ், மிக்சர், ட்ரம்ஸ், ஜெனரேற்றர் எல்லாம் ஏற்றி, பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டை, தருமபுரம் கடந்து விசுவமடுப் பக்கம் உள்ள ஒரு கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சுவாமி வெளிவீதி சுற்றி வந்த பிறகுதான் பாட்டு. அதுவரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பொய்க்காலைக் கழற்றி ஆறுதலாக இருக்கலாமே என்று கேட்டேன். கழற்றினால் அடிக்கட்டை ஊதிவிடும், திரும்பக் கிண்ணத்துக்குள் போகாது என்றார். கழற்றாமல் விட்டால் வேர்வையில் தோல் அவிந்து கொப்பளிக்கும். அதோடு, போட்டபடி திரிந்தால் அடிக்கட்டை மெல்ல மெல்லச் சுருங்கிக் கிண்ணம் தளரும். அதற்காக மேலதிகமாக ஒரு சொக்ஸ் கிற்றார் பையில் இருக்கிறது. தந்திக்கு ட்யூன் பார்ப்பதற்கு முன்னம் அவர் அதைப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார்.

மேடை நிலத்தில் இருந்து நாலு அடி. ஏறுவதற்கு வைத்திருந்தது ஒரு ஏணி. கீபோட் வாசிக்கிற தம்பி கீழே தோள் கொடுக்க, பாடகர் மேலே இருந்து கை கொடுக்க, அவர் ஏறினார். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஆனால் நான் எடுத்தேன். இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்று 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் ஏறிப் போக வழி இருக்க வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. இத்தனை பேர் கால் இழந்த ஒரு மண்ணில், ஒரு கோயில் மேடைக்குச் சாய்வாக இரண்டு பலகை போட இன்னும் மனம் வரவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

மேலே போனதும் அவர் முதலில் விரித்தது தன் ஸ்ரூலை. தச்சரிடம் அளவு சொல்லிச் செய்வித்த கைப்பிடி இல்லாத மர ஸ்ரூல். கோயில்களில் தருகிற பிளாஸ்ரிக் கதிரைக்குக் கைப்பிடி உண்டு. பேஸின் உடல் அதில் இடிக்கும், முழங்கை எழும்பிவிடும், அரை மணித்தியாலத்தில் தோள் போகும். ஸ்ரூலின் உயரம் பொய்க்கால் மடியாமல் முன்னால் நீட்டி நிற்கிற அளவு. கிற்றார் வலது தொடையில் இருக்கும். இருந்து வாசித்தாலும் பட்டியை மாட்டுகிறார், இல்லாவிட்டால் கழுத்துப் பக்கம் பாரத்தில் சாய்ந்து இடது கை அதைத் தாங்குவதிலேயே களைத்துப்போகும். பட்டி, பழைய வாகனம் ஒன்றின் சீற் பெல்ற்றை வெட்டித் தைத்தது. அகலமாக இருப்பதால் தோளை அறுக்காது.

தாளத்துக்கு வலது கால் தட்டுகிறது. பொய்க்கால் சும்மா இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். அடித் தந்தியின் ஈ சுரம் 41 ஹேட்ஸ். காதைவிட உடம்புக்கு முதலில் தெரிகிற ஒலி. பலகை மேடை அதில் அதிரும்போது அது பொய்க்கால் வழியாக முழங்காலுக்கு ஏறுகிறதாம். தங்களுக்கென்று தனியாக ஸ்பீக்கர் இல்லாத மேடைகளில் தான் வாசிப்பது சரியா என்று அப்படித்தான் பார்க்கிறார். "சீமெந்து மேடை எண்டால் எனக்குக் காது கேளாது," என்றார்.

இன்னொருவர் வேறொரு குழுவில் வாசிக்கிறார். பகலில் விசுவமடுவில் கைப்பேசிக் கடை. அவருக்கு இடது முழங்கைக்குள் பீஸ், அதாவது வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு, கிடக்கிறது. எடுத்தால் நரம்பு முற்றாகப் போகும் என்று விட்டுவிட்டார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போயிருக்கின்றன. அழுத்தினால் மடியும், ஆனால் தந்தியைப் பிடித்து வைக்காது. சுட்டு விரலும் நடு விரலும்தான் மிச்சம்.

இவருடைய வேலை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்திருக்கிறார். கருவி 30 அங்குலம். அதில் முதல் ஃப்ரெட் 4.3 சென்ரிமீற்றருக்குச் சுருங்குகிறது. மெல்லிய தந்தி போட்டு, அதையும் அரைச் சுரம் இறக்கி வைத்திருக்கிறார். அரைச் சுரம் இறக்கினால் தந்தியின் இழுவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கீபோட்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு படி கீழே தட்டினால் எல்லாம் ஒத்துப்போகும். மேல் பஞ்சமத்தில் திணறும் பாடகருக்கும் அது ஆறுதல். கட்டை விரலால் கழுத்தை நெரிப்பதில்லை. கையின் பாரத்தைத் தொங்கவிட்டு அந்தப் பாரத்தாலேயே தந்தியை அழுத்துகிறார். வலது கையால் மெல்லத் தொட்டுவிட்டு மிச்சச் சத்தத்தை அம்பிளிபயரிடம் கேட்கிறார். திறந்த தந்திகளை முடிந்த இடமெல்லாம் பயன்படுத்துகிறார், ஏனென்றால் அந்த நேரத்தில் இடது கை சும்மா இருக்கலாம். தந்தி பழசாகி மங்கினால் புதிது வாங்காமல் கொதிநீரில் போட்டு அவித்து எடுக்கிறார். அது வசதி குறைந்த எல்லாப் பேஸ்காரருக்கும் தெரிந்த வழி.

அமெரிக்காவின் டெற்ரோயிற் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் சுட்டு விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டியவர். அவருக்குப் பின் வந்த பேஸ்காரர்கள் பாதிப் பேர் அந்த ஒற்றை விரலிடம் படித்தவர்கள்தான். அதைச் சொன்னபோது இவர் உடனே தன் இடது கையைக் காட்டி, "எனக்கு ஒண்டு கூட," என்றார்.

பைலாவிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டுகளிலும் இவரிடம் ஒரு குறையும் கேட்காது. அடிச் சுரமும் பஞ்சமமும் துள்ளி வந்தால் போதும். அந்தத் துள்ளலை இவரைவிட நன்றாக வைக்கிறவரை நான் இந்தப் பக்கத்தில் கேட்கவில்லை. இளையராஜா பாட்டுகளில் கதை வேறு. அவர் எழுதி, சசிதரன் வாசித்த பேஸ் வரிகள் பாடகரோடு இன்னொரு பாட்டாக ஓடுகிறவை. 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடுகிற கிற்றார் பாட்டை இரண்டு விரலால் முழுதாக வாசிக்க முடியாது. இவரால் முடிகிறது என்று எழுதினால் அது பொய். எதை விடுவது என்பதில்தான் அவருடைய கெட்டித்தனம். கோட் மாறுகிற இடத்துக்கு முன்னால் வருகிற அந்த ஒரு சுரத்தை அவர் ஒருநாளும் விடமாட்டார். நடுவில் ஓடுகிறவற்றில் ஒன்று விட்டு ஒன்றை எடுத்து, மற்றதை நீட்டி நிரப்புகிறார். வீட்டில் பாட்டை மெதுவாக ஓடவிட்டு, எது போனால் பாட்டு நொண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வருகிறார். அதற்கு வேண்டிய காது, எல்லாச் சுரத்தையும் வாசிக்கத் தெரிந்த பலரிடம் இல்லை.

இவ்வளவும் இருந்தும் இருவருக்கும் பயம் ஒன்றுதான். கீபோட்டின் இடது பக்கத்தில் பேஸ் வாசிக்கலாம். அதுவும் இல்லாமல் பாட்டை ட்ராக்காகப் போட்டுவிடலாம். 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வானில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டி வந்தபோது, பல குழுக்கள் முதலில் விட்டது பேஸ்காரரை. பெட்டி தூக்க முடியாதவர் என்றால் முடிவு இன்னும் சுலபம். ஒரு குழுவில் பெட்டி தூக்காததற்காகச் சம்பளத்தில் குறைத்திருக்கிறார்கள். குழுவின் வயர் முழுவதையும் பிரித்து, ஒட்டி, மிக்சருக்கு இணைத்துக் கொடுத்தது அதே மனிதர். அது வேலையாகக் கணக்கில் வரவில்லை. இதில் இரக்கத்துக்கு இடமே இல்லை, கூலிக் கணக்கு பிழை, அவ்வளவுதான்.

பரந்தன்காரரின் குழுத் தலைவர் வேறு மாதிரி. அவரும் ட்ராக் போட்டுப் பார்த்தவர். "பேஸ் ட்ராக்கில போனால் பாடுறவன் ஒரு வரி திருப்பிப் பாட ஏலாது. சனம் கேட்டாலும் ஏலாது. பேஸ் ஆளிட்ட இருந்தால் கண்ணைக் காட்டினால் போதும்," என்றார். விசுவமடுவில் அன்று இரவு அப்படித்தான் நடந்தது. சனம் கைதட்டக் கைதட்டப் பாடகர் பல்லவிக்குத் திரும்பத் திரும்பப் போனார்; ஸ்ரூலில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் முந்திப் போய் அவருக்கு வழி வைத்தார்.

அந்த ஏணிக்குப் பிறகு தலைவர் கோயில்காரரோடு ஒப்பந்தம் பேசும் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: மேடைக்குச் சாய்பலகை கோயில் பொறுப்பு, பேஸுக்கு ஸ்ரூல் எங்கள் பொறுப்பு. நான் திரும்புகிறபோது இரண்டு கோயில்களோடு கதை நடந்துகொண்டிருந்தது. ஒன்று, தச்சரை வைத்துப் பலகை அடிக்கிறோம் என்று சொல்லிவிட்டது. மற்றதில் தர்மகர்த்தா சபை கூடிக் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.