போலோ ஜிடி: பழைய 1.2 வாங்கலாமா, புதிய 1.0 வாங்கலாமா?

1/
இன்னைக்கு பிரஷர், சுகர் பத்தி இல்லைங்க. கார் பத்தி. ஆனா பேச்சு கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிக்கும். பொறுமையா படிங்க.

எங்க பழனிப் பக்கம் "ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கணும்"னு சொல்ற பசங்க பல பேர் மனசுல இருக்கிறது ஃபெராரி இல்லை, ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி. 2010-ல் இந்தியாவுக்கு வந்த போலோ, 2022-ல் நின்றுவிட்டது. இனி எடுத்தால் செகண்ட் ஹேண்ட்தான். நானும் மூன்று மாதம் தேடினேன். தேடியதில் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

2/
பெட்ரோல் ஜிடியில் இரண்டு தலைமுறை உண்டு.

பழையது: 2013-ல் வந்த 1.2 லிட்டர் டர்போ. நாலு சிலிண்டர், 105 குதிரை சக்தி. 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்.

புதியது: 2020-ல் பிஎஸ்6 விதியோடு வந்த 1.0 லிட்டர் டர்போ. மூணு சிலிண்டர், 110 குதிரை சக்தி. 6 கியர் சாதாரண ஆட்டோமேட்டிக்.

இழுவிசை இரண்டிலும் ஒன்றுதான், 175 நியூட்டன் மீட்டர். அதனால் "எது வேகம்?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிஜமான வித்தியாசம் கியர் பெட்டியில் இருக்கிறது.

3/
டிஎஸ்ஜி என்றால் உள்ளே இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படை கியருக்கு ஒன்று. நீங்கள் மூணாவது கியரில் போகும்போதே நாலாவது தயாராகக் காத்திருக்கும். மாறுவதே தெரியாது. ஓட்டிப் பார்த்தேன், அந்த சுகம் தனி. நாலு சிலிண்டர் சத்தமும் மென்மையா இருக்கும். பழசுக்கு இவ்வளவு ரசிகர்கள் ஏன் என்று அப்பதான் புரிந்தது.

ஆனால் இந்த 7 கியர் பெட்டியில் இருப்பது உலர் கிளட்ச். குளிர்விக்க அதைச் சுற்றி எண்ணெய் கிடையாது. ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் உரசும், சூடு ஏறும். 2013-ல் சீனாவில் டிஎஸ்ஜி பிரச்சினைக்காக 3.84 லட்சம் கார்களை நிறுவனமே திரும்ப அழைத்தது.

4/
இப்ப நம்ம ஊரை யோசிங்க. தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி வரைக்கும் ரோடு எப்படி இருக்கும்? முதல் கியரில் நிறுத்தி நிறுத்தி நகர வேண்டும். இந்தப் பக்கம் கொடைக்கானல் போனால் கொண்டை ஊசி வளைவு, மேட்டில் முன்னாடி ஒரு லோடு லாரி. உலர் கிளட்ச்சுக்கு இரண்டுமே ஆகாது.

புதிய ஜிடியில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். ஊர்ந்து போகும்போது எண்ணெய் வழியாக சக்தி கடத்தும். கியர் மாறும் வேகம் கொஞ்சம் குறைவு. நெரிசலைத் தாங்குவதில் கெட்டி.

டிஎஸ்ஜியின் மூளைப் பகுதி, அதாவது மெக்கட்ரானிக்ஸ், போய்விட்டால் "லட்ச ரூபாய்க்குக் குறையாது சார்" என்று நான் விசாரித்த மெக்கானிக்குகள் எல்லாருமே சொன்னார்கள்.

5/
அதுக்காக பழசு என்றாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழனி மலையில் 693 படியையும் நிற்காமல் ஏறுகிற 70 வயசுப் பெரியவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 35 வயசில் ஸ்டென்ட் வைத்தவரை நான் வார்டில் பார்க்கிறேன். வயசு ஒரு தகவல், அவ்வளவுதான். முழு ஹிஸ்டரி எடுக்கணும்.

- சர்வீஸ் பில் எல்லாம் இருக்கா? ஓடிய கிலோமீட்டர் அதோடு ஒத்துப்போகுதா?
- இன்சூரன்ஸ் க்ளெய்ம் எத்தனை? பெரிய இடி வாங்கியிருக்கா?
- சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணையணும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் அணைத்து விற்பவர்கள் உண்டு.
- டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1815 என்றால் 2015-ன் 18-வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.
- ஆர்சி 15 வருஷம். 2014 கார் என்றால் 2029-ல் சோதனை செய்து புதுப்பிக்கணும்.

6/
இனி என் துறைக்கு வருகிறேன்.

2014-ல் குளோபல் என்கேப் இதே போலோவை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத மாடலுக்குப் பூஜ்ஜியம். இரண்டு ஏர்பேக் உள்ளதுக்கு, பெரியவர்கள் பாதுகாப்பில் 4 ஸ்டார். ஒரே கார்தான், ஒரே கூடுதான்.

அந்தப் பூஜ்ஜியத்துக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பது நெஞ்செலும்பு, நுரையீரல், மண்ணீரல்.

ஜிடியில் இரண்டு தலைமுறையிலும் ஏர்பேக், ஏபிஎஸ், ஈஎஸ்பி உண்டு. ஆனால் "போலோதானே" என்று விலை குறைந்த பழைய அடிப்படை மாடலை எடுத்து ஜிடி பேட்ஜ் ஒட்டிக்கொள்பவர்கள், தயவுசெய்து ஏர்பேக் இருக்கா என்று பாருங்கள். வேறு கம்பெனி கார் தேடுபவர்களுக்கும் சொல்கிறேன்: எல்லா புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். அதுக்கு முந்தைய கார் என்றால் நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

7/
நான் என்ன எடுத்தேன்?

எனக்குக் கிடைத்த இரண்டு காருக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம். அரசு சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. மனசு பழசுக்குத்தான் போனது.

வீட்டம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா எது நம்பி எடுக்கலாம்?"

எங்க வீட்டில் இருக்கப்போவது ஒரே கார். அது நடுரோட்டில் நின்றால் எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். கேஷுவாலிட்டியில் காத்திருப்பவருக்கு அப்படி இல்லையே. 2021 மாடல் எடுத்தேன்.

8/
உங்களுக்கு?

வீட்டில் இன்னொரு கார் இருக்கு, மிச்சமாகும் பணத்தில் லட்ச ரூபாயைத் தொடாமல் பேங்கில் வைக்க முடியும், டிஎஸ்ஜி தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கார் என்றால், தாராளமாகப் பழசை எடுங்க. சந்தோஷப்படுவீங்க. இருக்கிற காசு மொத்தமும் காருக்கே போயிடும், தினமும் ஓட்டணும் என்றால் புதுசு. அதுவும் எட்டவில்லை என்றால் ஆறு மாசம் காத்திருங்க, கார் எங்கேயும் ஓடிப்போகாது.

9/
எதை எடுத்தாலும் மூணு விஷயம்.

பின் சீட்டிலும் பெல்ட் போடுங்க. முன் சீட்டில் குழந்தையை மடியில் வைக்காதீங்க. கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும் ஏர்பேக்குக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தக் குழந்தை இருக்கும்.

மூணாவது, வேகமான கார் கையில் இருப்பவர்களுக்கு மட்டும். தைப்பூச நேரத்தில் அதிகாலை நாலு மணிக்கு நம்ம ரோட்டு ஓரத்தில் ஜனம் நடந்து வந்துகிட்டு இருக்கும். செருப்புகூட போட்டிருக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஏர்பேக் கிடையாது. அங்க மட்டும் 175 நியூட்டன் மீட்டரை மறந்துடுங்க.