பொழுதுபோக்காக ஓர் உளி

கல்லூரி விண்ணப்பத்தில், வேலைக்கான படிவத்தில், ஏன், முகநூல் பக்கத்தில்கூட 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலர் அதில் 'புத்தகம் படிப்பது', 'பாட்டு கேட்பது' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். கைவேலை எதையும் எழுத மாட்டோம். கைவேலை தெரியாததால் அல்ல. நம் வீடுகளில் கை சும்மா இருந்த நாள் கிடையாது. ஆனால் நம் அம்மாவும் அப்பாவும் கையால் செய்த எதற்கும் 'பொழுதுபோக்கு' என்ற பெயர் இருந்ததில்லை. அது வேலை. பெரும்பாலும் அவர்கள் தேர்ந்தெடுக்காத வேலை.

கடந்த சில மாதங்களாக நாங்கள் ஏழு பேர், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நொச்சிக்குப்பம் கடற்கரையில் மரக்கட்டையில் முகம் செதுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஏழு பேரும் தலித்துகள், மாணவர்கள். இரண்டு பேர் பெரும்பாக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறோம். நகரத்துக்குள் இருந்த எங்கள் வீடுகளை இடித்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். மற்றவர்கள் மயிலாப்பூர், மந்தைவெளி, பட்டினப்பாக்கம். செதுக்கியதை விற்பதில்லை, போட்டிக்கு அனுப்புவதில்லை. எதற்காகச் செய்கிறீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொடக்கம் ஒரு வீடியோ. அமெரிக்காவில் ஒருவர் வீட்டுப் பின்பக்கத்தில் பனை மரத் துண்டு ஒன்றை நிறுத்தி, பெரிய கண்ணும் பல்லைக் காட்டும் வாயுமாக ஒரு முகத்தைச் செதுக்குகிறார். அதற்கு 'டீக்கி' என்று பெயர். (நம்மூர் கார் டிக்கி அல்ல.) பசிபிக் தீவு மக்களின் சிற்ப மரபிலிருந்து வந்த உருவம் அது. அதைப் பார்த்துவிட்டு எங்களில் ஒரு தோழி கேட்டாள்: "நாமளும் செஞ்சா என்ன?" அவ்வளவுதான்.

மரத்துக்கு நாங்கள் அலையவில்லை. சென்னையில் புயலுக்கும் மழைக்கும் பஞ்சமில்லை. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இப்போதும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவோரம் தூங்குமூஞ்சி மரமும் பூவரசும் விழுகின்றன. துண்டு போட்டு ஓரமாகக் குவித்து வைக்கிறார்கள். கேட்டு வாங்கினால் ஒரு துண்டு கிடைக்கும். இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு அரம், ஒரு சாணைக்கல். முதலீடு இவ்வளவுதான்.

ஏன் நொச்சிக்குப்பம்? அங்கே மரத்தைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே லூப் சாலை ஓரமாக இருக்கும் இந்த மீனவர் குடியிருப்பில் இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை வேகமாக ஓரங்கட்டின. ஆனால் வாச்சி பிடித்துக் கட்டுமரம் செதுக்கிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர், நாங்கள் மணலில் உட்கார்ந்து மரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து உட்கார்ந்தார். நாங்கள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறோம்.

அவர் முதலில் சொன்னது இது: "நாரு எந்தப் பக்கம் ஓடுது, பாரு. அதோட போனா வழிவுடும். எதுத்துப் போனா பிச்சிக்கினு வரும்."

மரச்செதுக்கலின் பாதிப் பாடம் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்க்கட்டு. உளியை நார் இறங்கும் திசையில் ஓட்டினால் சீவல் சுருண்டு வரும். எதிர்த்து ஓட்டினால் உளியின் வாய் நாருக்கடியில் நுழைந்து, நாம் வேண்டாத ஆழம்வரை பிளந்துகொண்டு போகும். அதனால் மூக்கின் அடிப்பக்கம், உதட்டின் ஓரம் போன்ற இடங்களில் முதலில் நாரைக் குறுக்காக வெட்டி ஓர் எல்லை போட வேண்டும். பிறகு அந்த எல்லையை நோக்கிச் சீவி வந்தால், பிளவு அங்கே வந்து நின்றுவிடும்.

இன்னொரு பாடம் ஈரம். புதிதாக விழுந்த மரம் ஈரமாக இருக்கும், செதுக்குவது எளிது. ஆனால் காயும்போது வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் இருப்பதால் அது சுருங்காது. அந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. நாரின் முனை தெரியும் இரண்டு வெட்டுப்பக்கங்கள் வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும். அங்கே மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி நிழலில் வைத்தால் மெதுவாகக் காயும், வெடிப்பு குறையும். கட்டுமரக்காரர்களுக்கு ஈரம் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மூன்று முதல் ஐந்து மரங்களைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓர மரங்கள் உயர்ந்தும் இருக்கும்படி கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். குடித்த தண்ணீர் வெளியேறினால்தான் மரம் மறுபடி இலகுவாக மிதக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வி வந்தது. "எந்த ஏரியாப்பா நீங்க?" சொன்னோம். "அப்பா இன்னா வேலை பண்றாரு?" தமிழ்நாட்டில் இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து வந்தால் மூன்றாவது கேள்வி தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவன் நிமிர்ந்தே சொன்னான்: "கார்ப்பரேஷன்ல குப்பை அள்றாரு, தாத்தா." கொஞ்ச நேரம் அலைச்சத்தம் மட்டும். பிறகு அவர் எழுந்து போய், தன் வாச்சியை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். "உளியில மொகத்தத் தொறக்க நாளாவும். இத்தால மேலாப்ல எறக்கு."

இதைப் பெரிய மனமாற்றக் கதையாக நாங்கள் சொல்ல மாட்டோம். மீனவர்களும் நகரத்தின் ஒடுக்குமுறையைத் தாங்குகிறவர்கள்; ஆனால் அந்தச் சமூகமும் நாமும் சாதி அடுக்கில் ஒரே படியில் வைக்கப்படவில்லை. சுனாமி நிவாரணத்தில் கடலோரத் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை உண்மையறியும் குழுக்கள் அப்போதே பதிவு செய்தன. படகும் வலையும் சொந்தமாக இல்லாதவன் எதையும் இழக்கவில்லை என்று கணக்கு எழுதப்பட்டது. அது மறக்கக்கூடியதல்ல. அதே கரையில் ஒரு வாச்சி கைமாறியதும் நடந்தது. இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறோம்.

கடினமான கேள்வி கரையில் வரவில்லை, வீட்டில் வந்தது. உளி பட்டுத் தடித்த மகளின் உள்ளங்கையைப் பார்த்து ஓர் அம்மா கேட்டார்: "கை காய்க்கக் கூடாதுன்னுதானே உன்ன படிக்க வெச்சேன்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1953-இல் ராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்துப் போராடினார். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. மலம் அள்ளுகிறவரின் பிள்ளை அந்த மீதி நேரத்தில் எதைக் கற்றிருக்கும் என்று யோசித்தால் அந்த அம்மாவின் கேள்வி புரியும். அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டியதும் இதைத்தான்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து ஒருவருக்குக் கீழே ஒருவராக அடுக்குகிறது. பிறக்கும் முன்பே தொழில் முடிவாகிவிடுகிறது. விருப்பத்துக்கும் திறமைக்கும் அங்கே இடமில்லை.

அம்மாவிடம் நாங்கள் சொன்ன பதில் எளிமையானது. காய்ப்பு வேறு, கட்டாயம் வேறு. பரம்பரையாக யாரோ நம் தலையில் கட்டிய வேலையில் கை காய்த்தால் அது அடிமைத்தனம். யாரும் சொல்லாமல், பசிக்காக இல்லாமல், வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது கீழே வைக்கிற உளியில் கை காய்த்தால் அது வேறு. பறை விஷயத்தில் நம் இயக்கத்துக்குள் பல காலமாக நடக்கும் விவாதமும் இதுதானே? சாவு வீட்டில் அடிக்கக் கட்டாயப்படுத்தியபோது பறையைத் தூக்கி எறிந்தது சரி. அதே பறையை மேடையில் நம் விருப்பத்தோடு எடுத்ததும் சரி. கருவி மாறவில்லை, 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை நம் கைக்கு வந்தது.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சு, படகு கட்டுதல், சிற்பம், செருப்புத் தைத்தல், முடி திருத்துதல், துணி வெளுத்தல் உட்பட 18 தொழில்கள். 18 வயது ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழிலில் இருக்க வேண்டும். சில நாள் பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். பட்டப்படிப்புக்குப் போக வேண்டிய வயதில் ஒரு பிள்ளையின் கையில் அப்பனின் தொழிலையும் கடனையும் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? தமிழ்நாடு அரசு குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும் வயதை 35 ஆக்கவும் கேட்டது. இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்தது. எதிர்த்தது சரி.

ஆனால் எங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குப்பை அள்ளுகிறவரின் மகனுக்குச் சிற்பம் பிடித்திருந்தால் அவன் எங்கே போவான்? மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகள், இட ஒதுக்கீடு உண்டு. நம் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள் நம் பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள்? சாதி நம்மை ஒரு தொழிலுக்குள் தள்ளியது மட்டுமல்ல. மற்ற எல்லாத் தொழில்களின் வாசலையும் சாத்தி வைத்தது. முதலாவதை எதிர்க்கப் பழகியிருக்கிறோம். இரண்டாவதையும் எதிர்க்க வேண்டும்.

நாங்கள் உட்காரும் மணலுக்கே ஒரு கதை உண்டு. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றினார்கள். எதிர்த்த மீனவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன் கடைகளை ஆக்கிரமிப்பு என்றார்கள். பெண்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. சற்று வடக்கே 1959-இல் நிறுவிய உழைப்பாளர் சிலை நிற்கிறது. வெண்கல உழைப்பாளி கடற்கரைக்கு அழகாம். உயிருள்ள உழைப்பாளியின் மரமும் வலையும் அசிங்கமாம். எது அழகு என்பதை மரமோ மணலோ முடிவு செய்வதில்லை. அது யாருடையது என்பதுதான் முடிவு செய்கிறது.

டீக்கியின் கதையும் அப்படித்தான். பசிபிக் தீவுகளில் அது முதல் மனிதனின், மூதாதையரின் உருவம். 1930-களில் அமெரிக்காவில் அது மதுக்கடை அலங்காரமானது. பிறகு கோப்பையானது, சாவிக்கொத்தானது. கட்டுமரத்துக்கு நடந்தது வேறு வகை. சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. இன்று உலகம் கேட்டமரான் என்றழைப்பது இரட்டை உடல் கொண்ட படகை. அந்த இரட்டைப் படகின் மூத்த வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. அவர்களின் படகுக்கு நம் கரையின் பெயர். நன்றி மட்டும் இருவருக்கும் வரவில்லை.

இதைப் பேசியபோதுதான் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம்: இன்னொருவரின் மூதாதையரைச் செதுக்குவதில்லை. எங்கள் மூதாதையர் போதும். எங்கள் ஏழு வீடுகளில் ஐந்தில் கொள்ளுத் தாத்தா பாட்டியின் புகைப்படம் கிடையாது. அவர்கள் முகம் எந்த ஆவணத்திலும் இல்லை. உயிரோடு இருக்கும் பாட்டிகளிடம் கேட்டோம். "மூக்கு உன்னது மாதிரிதான், கொஞ்சம் சப்ப." "நெத்தியில ஒரு தழும்பு, கதிர் அறுக்கும்போது பட்டது." "சிரிச்சா மேல் ஈறு தெரியும்." இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் செதுக்குகிறோம். கட்டையின் நடுவே ஒரு கோடு, அதில் மூக்கு உயரமான இடம், அங்கிருந்து கன்னமும் கண்குழியும் பின்னால் இறங்கும். தழும்பைக் கடைசியில் போட வேண்டும்; முன்பே போட்டால் நெற்றியைச் சீவும்போது போய்விடும். ஒரு முகம் முடிய இரண்டு மாதம் ஆகிறது. அச்சு அசலாக இருக்கிறதா என்று சொல்ல யாருமில்லை. ஆனால் ஒரு பாட்டி அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மேல இருந்துச்சு" என்றார். மேலே மாற்றினோம்.

தோழர்களே, படிக்க வேண்டும், போராட வேண்டும், அமைப்பாக வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. அதோடு, வாரத்தில் ஒரு காலையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மரமாக இருக்க வேண்டியதில்லை. வயலின், சதுரங்கம், களிமண், நீச்சல், எதுவும். எதற்கு என்று கேட்டால், பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். நம் முன்னோருக்கு மறுக்கப்பட்ட பதில் அது. பிளஸ் டூ முடிக்கும் தம்பி தங்கைகளிடம் மேலே சொன்ன இரண்டு கல்லூரிகளின் பெயரையும் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து, அவர் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.